இசையரசி சிசிரெட்டா ஜோன்ஸ்

முன்னுரை

இசைக்கு நிறமில்லை என்று மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். ஆனால் இசை அரங்கேறும் மாளிகைகளின் வாயில்கள் நிறம் பார்த்தே நெடுங்காலம் திறந்தன என்பதை வரலாறு காட்டுகிறது. அவ்வாறு திறவாத வாயில் ஒன்றின் முன்னே தம் வாழ்நாள் முழுவதும் பாடிநின்றவர் சிசிரெட்டா ஜோன்ஸ் அம்மையார். அமெரிக்க நாட்டில் அடிமை முறை ஒழிந்த மூன்றாண்டுகளுக்குள் பிறந்து, நான்கு குடியரசுத் தலைவர்களின் முன்னிலையில் பாடிய பெருமைக்குரியவராகக் குறிக்கப்பெறும் இப்பெருமாட்டியார், இறுதியில் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லாத கல்லறையில் அடங்கினார். அவருடைய வாழ்வையும் கலையையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

ஓப்ராவும் சொப்ரானோவும்

வரலாற்றினுள் நுழையுமுன் இரு சொற்களை விளக்கிக் கொள்வது நலம். கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்திச் செல்லும் மேலைநாட்டு இசைநாடகம் ஓப்ரா எனப்படும். ஒலிபெருக்கியின் துணையின்றி, பல இசைக்கருவிகள் ஒருங்கே முழங்கும் பேரொலியையும் கடந்து, கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவர் செவியிலும் பாடகரின் குரல் சென்று சேர வேண்டும். இதற்குப் பல்லாண்டுப் பயிற்சி தேவை. பெண் குரல்களுள் மேல் தாயியில் உலவும் குரலைச் சொப்ரானோ என்பர். ஓப்ராக்களின் தலைவியர் பெரும்பாலும் இக்குரலுக்கென்றே படைக்கப்பட்டவர்கள்.

அத்தலைவியருள் ஒருத்தி அய்தா. எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் இசுமாயில் கெய்ரோ நகரில் 1869-இல் ஓர் இசை அரங்கை எழுப்பினார். அவ்வரங்கிற்காக அவர் விழைந்து கேட்க, இத்தாலிய இசைமேதை வெர்டி படைத்த இசைநாடகமே அய்தா. 1871-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அது கெய்ரோவில் அரங்கேறியது. எத்தியோப்பிய இளவரசியாகிய அய்தா எகிப்தில் அடிமையாகச் சிறைப்பட்டு, தான் யாரென்பதை மறைத்து வாழ்கிறாள். பகைநாட்டுப் படைத்தலைவன் மீது காதல் கொள்கிறாள். கதையின்படி அவள் ஆப்பிரிக்கப் பெண். ஆயினும் ஐரோப்பிய, அமெரிக்கப் பேரரங்குகளில் அவ்வேடத்தை ஏற்றவர்கள் முகத்தில் கருமை பூசிக்கொண்ட வெள்ளைப் பாடகியரே. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு நம் அம்மையாரின் வரலாற்றைத் தொடர்வோம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள போர்ட்ஸ்மவுத் என்னும் துறைமுக நகரில் 1868-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மெட்டில்டா சிசிரெட்டா ஜாய்னர். தந்தையார் ஜெரமையா ஜாய்னர் கறுப்பின மக்களின் திருச்சபை ஒன்றில் போதகர். தாயார் ஹென்றியெட்டா பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பொருளீட்டியவர். திருச்சபைப் பாடற்குழுவில் இனிய குரலுடையவர் எனப் பெயர் பெற்றவர். மகளின் முதல் இசையாசான் தாயின் குரலே எனக் கொள்வதில் தவறில்லை.

1876-இல் குடும்பம் வடக்கே ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடென்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. தெற்கில் கிட்டாத பள்ளிக் கல்வி அங்கே கிட்டியது. திருச்சபை விழாக்களில் பாடிய சிறுமியின் குரல்வளம் ஊராரைக் கவர்ந்தது. 1883-ஆம் ஆண்டளவில் அந்நகரின் இசைக் கழகத்தில் முறையான பயிற்சி தொடங்கிற்று.

அதே 1883-இல், தம் பதினைந்தாம் அகவையில், டேவிட் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்பவரை மணந்து சிசிரெட்டா ஜோன்ஸ் ஆனார். மேபெல் என்னும் பெண்மகவு பிறந்து, இரண்டு அகவை நிறையுமுன்னரே இறந்தது. பெற்ற பிள்ளையைப் புதைத்த பெண் அதன் பின்னும் பாட்டைக் கைவிடவில்லை. துயரத்தை ஆற்றியது பாட்டா, பாட்டை ஆழப்படுத்தியது துயரமா என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது.

அவர் பயிலத் தொடங்கிய அதே 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் நியூயார்க் நகரில் மெட்ரோபாலிட்டன் ஓப்ரா அரங்கு திறக்கப்பட்டது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அமெரிக்க இசைநாடகப் பாடகர் ஒவ்வொருவருக்கும் கனவாகத் திகழ்ந்த அரங்கு அது.

புகழின் ஏற்றம்

1887-இல் பாஸ்டன் நகர இசை மன்றத்தில் 5000 பேர் கூடிய அவையில் அவர் பாடினார். மறு ஆண்டு நியூயார்க் நகரின் ஸ்டெயின்வே மன்றத்தில் பாடினார். தொடர்ந்து டென்னசி ஜூபிலி பாடகர் குழுவுடன் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். அப்பயணங்களில் அடிமை முறையின் வடுக்களைத் தாங்கிய தீவுகளின் மக்கள் தம் இனத்துப் பெண்ணொருத்தியின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கருதிக் கொண்டாடினர். பரிசாகப் பெற்ற பொற்பதக்கங்களை மார்பில் வரிசையாக அணிந்து அவர் மேடையேறுவது வழக்கம். அவருடைய ஒளிப்படங்களிலும் விளம்பரத் தாள்களிலும் அப்பதக்கங்களை நாம் இன்றும் காணலாம்.

1892-ஆம் ஆண்டு அவர் வாழ்வின் உச்சம் எனலாம். பிப்ரவரி 24-ஆம் நாள் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் குடும்பத்தார் முன்னிலையில் பாடினார். ஏப்ரல் திங்களில் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கப் பேரரங்கில் மூன்று நாள் நடைபெற்ற விழாவில் அவரே நடுநாயகமாக விளங்கினார். சூன் 15-ஆம் நாள், பின்னாளில் கார்னகி மன்றம் எனப் பெயர்பெற்ற இசை மண்டபத்தில் பாடினார். அம்மண்டபத்தில் பாடிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே.

ஹாரிசனுக்குப் பின் கிளீவ்லாந்து, மெக்கின்லி, தியடோர் ரூஸ்வெல்ட் ஆகிய தலைவர்களுக்காகவும் அவர் பாடியதாகக் குறிப்பர். முதல் மூவர் காலத்திலும் மாளிகையின் பின்வாயில் வழியாகவே அழைத்துச் செல்லப்பட்ட அவர், ரூஸ்வெல்ட் காலத்தில்தான் முன்வாயில் வழியே நுழைந்தார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. பாட்டை முன்கூடத்தில் கேட்டு, பாடியவரைப் பின்கட்டால் அனுப்பும் பண்பாட்டை என்னவென்பது!

இரவல் பெயர்

அக்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சொப்ரானோ பாடகி அடெலினா பட்டி. மாட்ரிட்டில் பிறந்த இத்தாலியர். மன்னர்களின் அவைகளில் பாடியவர். நம் அம்மையாரின் குரலைக் கேட்ட இதழாளர் அவரைப் பட்டியோடு ஒப்பிட்டு, பிளாக் பட்டி, அதாவது கறுப்பினத்துப் பட்டி, என்று எழுதினர். மேலாளர்கள் அப்பெயரை விளம்பரத்திற்குப் பற்றிக்கொண்டனர்.

மேலோட்டமாகப் பார்ப்பின் இது பாராட்டாகவே தோன்றும். ஆனால் அம்மையாருக்கு அப்பெயர் உவப்பளிக்கவில்லை. கரணியம் வெளிப்படை. ஒருவர் திறத்தை அளக்கப் பிறர் ஒருவரின் பெயரை அளவுகோலாக்கி, அதன் முன்னே நிறத்தையும் ஒட்டவைக்கும்போது, அளக்கப்பட்டவர் என்றும் இரண்டாமவராகவே நின்றுவிடுகிறார். சுவரொட்டிகளில் பிளாக் பட்டி என்பது பேரெழுத்தில் நின்றது. சிசிரெட்டா ஜோன்ஸ் என்பது சிற்றெழுத்தில் ஒதுங்கியது. இந்நிலை அவருக்கு முன்னரே தொடங்கிவிட்டது. மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்து, 1854-இல் விக்டோரியா அரசியார் முன் பாடிய எலிசபெத் டெய்லர் கிரீன்ஃபீல்டு அம்மையாரையும் உலகம் கறுப்பு அன்னம் என்ற பெயரால்தான் அறிந்திருந்தது.

பெயரில் மட்டுமன்றிப் பொருளிலும் உரிமை அவர் கையில் இல்லை. புகழ்பெற்ற நிகழ்ச்சி அமைப்பாளர் மேஜர் பாண்டு என்பாருடன் 1892-இல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதிலிருந்து விடுபட்டுத் தாமே நிகழ்ச்சிகளை ஏற்க அம்மையார் முயன்றபோது வழக்கு எழுந்தது. 1893-இல் தீர்ப்பு அவருக்கு எதிராயிற்று. தொடக்கத்தில் மேலாளராகவும் இருந்த கணவர் பொருளைச் சூதிலும் குடியிலும் கரைத்தார். 1899-இல் மணவிலக்குப் பெற்ற அம்மையார் பின்னர் மணம் செய்துகொள்ளவில்லை.

துவோர்ஷாக்கின் மேடையில்

அவருடைய கலையை நிறத்திற்கு அப்பால் நின்று மதித்தோரும் இல்லாமல் இல்லை. பொகீமிய நாட்டு இசைமேதை துவோர்ஷாக் 1892 முதல் 1895 வரை நியூயார்க்கிலுள்ள தேசிய இசைப் பள்ளியின் தலைவராகப் பணியாற்றினார். அமெரிக்க இசையின் எதிர்காலம் கறுப்பின மக்களின் பாடல்களில்தான் வேர்கொள்ளும் என்று துணிந்து கூறியவர் அவர். 1894-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள், ஏழைகளுக்கு ஆடை வழங்கும் நிதிக்காக அவர் நடத்திய கச்சேரியில் சிசிரெட்டா அம்மையார் தலைமைப் பாடகியாகப் பங்கேற்றார். ஸ்டீபன் ஃபாஸ்டரின் புகழ்பெற்ற பாடல் ஒன்றைத் துவோர்ஷாக் தாமே இசையமைப்புச் செய்து தர, அதனை அம்மையாரும் ஹாரி பர்லி என்னும் கறுப்பின இளைஞரும் பாடினர். ரொசினியின் சமயப் பாடல் ஒன்றையும் அம்மையார் அன்று பாடினார்.

மறு ஆண்டு ஐரோப்பா சென்றார். பெர்லின் நகரின் விண்டர்கார்ட்டன் அரங்கிலும் இலண்டனிலும் பாடிப் பாராட்டுப் பெற்றார். கடல் கடந்த நாடுகளில் கிட்டிய மதிப்பு பிறந்த மண்ணில் கிட்டாமை அவர் நெஞ்சை உறுத்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

திறவாத வாயில்

1892-இல் அவர் புகழ் ஓங்கி நின்ற வேளையில், மெட்ரோபாலிட்டன் அரங்கில் அய்தா வேடத்திற்கும், மேயர்பேரின் ஆப்பிரிக்கப் பெண் என்னும் இசைநாடகத்தின் தலைவி வேடத்திற்கும் அவர் அமர்த்தப்படக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. இரண்டும் கறுப்பினத் தலைவியர் வேடங்களாகவே அக்காலத்தில் கருதப்பட்டவை. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அரங்கு தீவிபத்துக்குள்ளாயிற்று. ஆனால் அரங்கு செப்பனிடப்பட்டு மீண்டும் திறந்த பின்னரும் அழைப்பு வரவில்லை. எரிந்த மாளிகையைப் பதினைந்து திங்களில் எழுப்ப முடிந்தது. நிறவேற்றுமை என்னும் சுவரைத் தகர்க்கவோ அறுபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆப்பிரிக்க இளவரசியாக நடிக்கும் உரிமை ஆப்பிரிக்க வழிவந்த பெண்ணுக்கு இல்லை என்றால், அதனினும் கொடிய முரண் வேறொன்று இருத்தல் கூடுமோ?

ஊர்சுற்றும் இசைக்குழு

1896-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பு வழங்கியது. தொடர்வண்டியில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டிகள் ஒதுக்குவது சட்டப்படி செல்லும் என்பது அதன் சாரம். பள்ளி, உணவகம், விடுதி, அரங்கு என வாழ்வின் எல்லாத் துறைகளிலும் பிரிவினை இதனால் சட்டத்தின் காவலைப் பெற்றது. அதே ஆண்டில்தான் பிளாக் பட்டி ட்ருபடோர்ஸ் என்னும் குழு அம்மையாரை மையமாகக் கொண்டு உருவாயிற்று. வோல்கெல், நோலன் என்னும் வெள்ளை மேலாளர்கள் அதனை நடத்தினர். நகைச்சுவையாளர், ஆடுநர், கழைக்கூத்தர், பாடகர் எனச் சுமார் 40 கறுப்பினக் கலைஞர் அதில் இடம்பெற்றனர்.

அக்குழுவின் நிகழ்ச்சி ஒரே மாலையில் இரு வேறு உலகங்களைக் காட்டியது. முற்பகுதியில் கறுப்பினத்தாரை எள்ளி நகையாடும் பாட்டும் கூத்தும் நிகழும். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்த மின்ஸ்ட்ரல் கூத்தின் எச்சமே அது. பிற்பகுதியில் திரை விலகும். உரிய உடையும் காட்சித் திரைகளும் சூழ, அம்மையார் குழுவினரோடு வெர்டி முதலியோரின் ஓப்ராக்களிலிருந்து பகுதிகளைப் பாடுவார். முற்பகுதிக் கூத்தில் அவர் தொடக்க ஆண்டுகளில் கலந்துகொள்ளவில்லை.

விடுதிகள் இடந்தர மறுத்த ஊர்களில் தங்குவதற்கெனக் குழுவிற்குத் தனித் தொடர்வண்டிப் பெட்டி இருந்தது. உண்டி, உறைவு எல்லாம் அதிலேயே. தென்மாநில அரங்குகளில் வெள்ளையர் கீழ்த்தளத்தில் அமர, பாடகியின் இனத்தார் மேல்மாடத்தின் கடைக்கோடியில் அமர்த்தப்பட்டனர். தம் மக்களை நோக்கிப் பாட அவர் முகத்தை மேலே உயர்த்த வேண்டியிருந்தது.

இக்குழுவில் சேர்ந்ததை அம்மையாரின் வீழ்ச்சி எனக் கருதுவோர் உண்டு. பேரரங்கிற்குரிய குரல் களியாட்டக் கூடத்தில் கரைந்தது என்பது அவர்தம் வாதம். இழிவுபடுத்தும் பாடல்கள் ஒலித்த நிகழ்ச்சியின் முகப்பில் அவர் பெயர் நின்றதை நாமும் மறைப்பதற்கில்லை. எனினும் வேறொரு கோணத்திலும் நோக்குதல் வேண்டும். அரங்கிற்கு அவர் செல்ல இயலாதபோது, அரங்கைத் தம்மோடு ஊர் ஊராகக் கொண்டு சென்றார். ஓப்ரா என்ற சொல்லையே கேட்டறியாத சிற்றூர்களில் மேல்மாடத்து ஏழைகள், தம்மைப் போன்ற தோற்றமுடைய ஒருத்தி பட்டுடுத்தி நின்று உயர்ந்த இசையைப் பாடக் கண்டனர். முற்பகுதி அவர்களைப் பார்த்துச் சிரித்தது. பிற்பகுதி அவர்களை நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் இப்பணி நடந்தது. அந்நாளில் மிகுதியாக ஊதியம் பெற்ற கறுப்பினக் கலைஞர் அவரே என்பர். ஆதலின் இதனை வீழ்ச்சி என்பதைக் காட்டிலும், பூட்டிய கதவுக்கு வெளியே அவர் அமைத்த மாற்று மேடை என்பதே பொருந்தும் எனக் கருதுகிறோம்.

இறுதி நாட்கள்

மக்கள் சுவை மாறியது. 1915-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள லஃபாயெட் அரங்கில் பாடியதோடு அவருடைய மேடை வாழ்வு நிறைவுற்றது. முதுமையுற்ற தாயைப் பேணுவதற்காகப் பிராவிடென்ஸ் திரும்பினார். பெற்ற பிள்ளையை இழந்த அவர், ஆதரவற்ற பிள்ளைகள் இருவரையும் எடுத்து வளர்த்தார், திருச்சபையில் பாடினார். வருவாய் நின்றது. வீடுகள் விலைபோயின, அணிகலன்கள் விலைபோயின, மார்பில் ஒளிர்ந்த பதக்கங்களும் ஒவ்வொன்றாக விலைபோயின. கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர் அவருடைய வீட்டு வரியையும் குளிர்காலக் கரிச் செலவையும் ஏற்றார்.

1927-இல் சிக்காகோவில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்று பிளாக் பட்டி என்ற பெயரில் தோன்றியது. பல கலைஞர்களின் தட்டுகள் அப்பெயரோடு வெளிவந்தன. அவற்றுள் ஒன்றிலும் சிசிரெட்டா அம்மையாரின் குரல் இல்லை. அவர் பாடிய ஒலிப்பதிவு எதுவும் நமக்குக் கிட்டவில்லை. அவர் விரும்பாத பெயர் தட்டில் சுழன்றது. அவருக்கே உரிய குரல் காற்றோடு போயிற்று.

1933-ஆம் ஆண்டு சூன் 24-ஆம் நாள் புற்றுநோயால் அவர் மறைந்தார். கேட்பாரற்றோர் புதைகுழிக்குச் செல்லாதவாறு காத்ததும் வரி செலுத்தி உதவிய அந்நண்பரே. பிராவிடென்ஸ் நகரின் கிரேஸ் திருச்சபை இடுகாட்டில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. நினைவுக்கல் நாட்டப்படவில்லை.

வாயில் திறந்தது

அவர் கண்மூடிய ஒரு திங்களுக்குள், 1933 சூலை 22-ஆம் நாள், நியூயார்க்கின் ஹிப்போட்ரோம் அரங்கில் கேத்தரினா ஜார்போரோ என்னும் கறுப்பினப் பாடகி அய்தா வேடமேற்றார். முன்னவர் இன்னும் 28 நாட்கள் வாழ்ந்திருப்பின் அச்செய்தியைச் செவியுற்றிருப்பார். 1946-இல் கமில்லா வில்லியம்ஸ் நியூயார்க் நகர ஓப்ராவில் தலைவி வேடத்தில் பாடினார். 1955-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள் மெட்ரோபாலிட்டன் அரங்கின் வாயில் மேரியன் ஆண்டர்சனுக்குத் திறந்தது. அவருக்கு அப்போது அகவை ஐம்பத்தேழு. 1961-இல் லியோன்டின் பிரைஸ் அதே அரங்கில் அடியெடுத்து வைத்தார். 1985 சனவரி 3-ஆம் நாள் அவர் ஓப்ரா மேடையிலிருந்து விடைபெற்றபோது அங்கே அவர் பாடியது அய்தாவாகவே. சிசிரெட்டா அம்மையாருக்கு மறுக்கப்பட்ட மேடை, அவருக்கு மறுக்கப்பட்ட வேடம் இரண்டும் அன்று ஒன்றுகூடின.

நிறைவுரை

2018-ஆம் ஆண்டு, இறந்து 85 ஆண்டுகள் கழிந்தபின், பொதுமக்கள் நன்கொடை திரட்டி அம்மையாரின் கல்லறையில் நினைவுக்கல் நாட்டினர். காலம் தாழ்ந்த கடன். எனினும் தீர்க்கப்பட்ட கடன்.

அய்தா தன் பெயரை மறைத்து வாழ்ந்த இளவரசி. சிசிரெட்டாவோ பிறரால் பெயர் மறைக்கப்பட்ட இளவரசி. குரல் மறைந்துவிட்டமையால் அவர் எவ்வாறு பாடினார் என்று நாம் ஒருநாளும் அறிய முடியாது. அவருக்குச் செய்யக்கூடிய நன்றி ஒன்றே உண்டு. அவரைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் ஒப்புமைப் பெயரை விடுத்து, பெற்றோர் இட்ட பெயராலேயே அழைப்பது. கற்கும் மாணவச் செல்வங்கள் ஒரு கலைஞரையோ அறிஞரையோ எங்கள் ஊர் இன்னார் என்றும், இக்காலத்து இன்னார் என்றும் வேறொருவர் பெயரால் புகழ விழையும் வேளையில், இப்பெருமாட்டியாரைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. அவரவர்க்கு அவரவர் பெயரே அழகு. இவர் பெயர் சிசிரெட்டா ஜோன்ஸ்.